நூற்றில் ஆறு

ஜனவரி 18, சனி

இன்று கேட்டதை எழுதி வைக்காவிட்டால் சோறு இறங்காது.

கோவையில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஒரு முகாம். மயில்சாமி காரில் கூட்டிப்போனான். மைக் செட் வைத்திருப்பவன். கபடிப் போட்டிகளில் நான் வர்ணனை செய்வேன், அவன் ஒலிபெருக்கி கட்டுவான். முகாமில் பல்லடத்துக்காரர் ஆண்டனி என்பவரைப் பார்த்தேன். என்னைப் போலவே சக்கர நாற்காலி. அவர் நாற்காலியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் "தள்ளட்டா, தள்ளட்டா" என்று கத்திக்கொண்டிருந்தது.

"தத்து எடுத்தீங்களாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இல்லீங்க, எம்புள்ளதான். எனக்கு அடிபட்டு ஒம்பது வருசம். இவளுக்கு ரெண்டு வயசு. கணக்குப் போட்டுக்குங்க" என்று சிரித்தார்.

எனக்கு அடிபட்டு ஆறு வருடம். தேங்காய் மட்டை லோடின் மேல் ஏறிக் கயிறு கட்டும்போது விழுந்தேன். நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கல்யாணம் அதற்குப் பிறகு நடந்ததுதான். போன வருடம் நானும் பிரபாவதியும் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் என் நாற்காலியைப் பார்த்தார், ஃபைலைத் திறக்கவில்லை. "உங்களுக்கு வராது. வேற ஆளோட விந்து வாங்கிக்கலாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தோம். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

ஆண்டனி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதிர்வு மெஷின் வெச்சுப் பாத்தாங்களா உங்களுக்கு?" என்றார்.

"அப்படின்னா?"

சொன்னார், அதை வைத்தால் உணர்ச்சி இல்லாதவனுக்கும் விந்து தானாக வருமாம். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

பொள்ளாச்சிக்குத் திரும்பும்போது மயில்சாமி, "கெணத்துக்கடவே வந்துருச்சு. மைக் புடிக்கறவன் இப்படி வாயத் தொறக்காம வந்தா எனக்குப் பயமா இருக்குதப்பா" என்றான்.

பிரபாவிடம் சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான். எனக்கொன்றும் பெரிய ஆசை இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அவள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் சொல்வது போலச் சொன்னேன். தோசை கருகியது. அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"உங்களுக்குப் போலாம்னு இருக்குதுங்களா?"

"உனக்காகத்தான் சொல்றேன்."

"செரிங்க" என்றாள். மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஆண்டனி கொடுத்த டாக்டர் நம்பரை ஃபோனில் ஒரு தடவை, பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டில், நான் வேலை பார்க்கும் லாரி எடை மேடையில் கொடுத்த காலண்டரின் பின்னால் என்று மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தொலைந்தால் அவளுக்குத்தானே வருத்தம்.

ஜனவரி 27, திங்கள்

டாக்டர் நூர்ஜஹான். ஐம்பது வயதிருக்கும். பேச்சு வேகம். எந்த எலும்பு, எந்த வருடம், சிறுநீருக்கு என்ன செய்கிறீர்கள், விறைப்பு வருமா, எவ்வளவு நேரம் நிற்கும் என்று வரிசையாகக் கேட்டார். ஏதோ லாரிக்கு நம்பர் கேட்கிற மாதிரி கேட்டதால் எனக்கும் கூச்சப்பட நேரம் கிடைக்கவில்லை. பிரபா என்னைவிடத் தெளிவாகப் பதில் சொன்னாள்.

படுக்க வைத்து, சாவியால் என் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். கால் வெடுக்கென்று மடங்கி மேலே வந்தது. இந்தத் துள்ளலை ஆறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். படுக்கையில் பிரபாவை எத்தனையோ முறை உதைத்திருக்கிறது. அடக்குவதற்கு மாத்திரை வேறு.

டாக்டர் முகம் மலர்ந்தது. "இது நல்ல சேதி. அடிபட்ட எடத்துக்குக் கீழ தண்டுவடம் உயிரோட இருக்கு. மூளைக்கும் அதுக்கும்தான் பேச்சுவார்த்தை இல்ல. நாம நேரா அதுகிட்டயே கேட்டுப் பாக்கலாம்."

"பதில் சொல்லுமுங்களா டாக்டர்?" என்றாள் பிரபா.

"இவருக்கு அடிபட்ட உயரத்துல பத்துக்கு எட்டுப் பேருக்குச் சொல்லுது. முதல்ல யூரின்ல இருக்கற கிருமி போகணும். அந்த மாத்திரையையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம்."

வெளியே வந்ததும் பிரபா இளநீர் வாங்கினாள். நான் பேசிக்கொண்டே இருந்தேனாம். இளநீரைக் குடிக்காமல் மடியில் சாய்த்துக் கவிழ்த்துவிட்டேன். நனைந்தது தெரியவில்லை, அவள் சொல்லித்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கிருமி மாத்திரை. தண்ணீர். மறுபடி தண்ணீர். சிறுநீர் டியூப் கழுவுவதை இப்போது கடிகாரம் பார்த்துச் செய்கிறேன்.

அம்மா, "என்னடா சாமி, மாடு குடிக்கறாப்பல குடிக்கற?" என்றாள். உடம்புச் சூடு என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வந்துவிட்டது.

முதலிலிருந்து எழுதுகிறேன். சின்ன அறை, கட்டில், கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. டாக்டர் பிரபாவுக்கு மெஷினைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற சாமான், முனையில் ஒரு வட்டத் தட்டு. எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது எடுத்துவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். தலை வலித்தால், வியர்த்தால் உடனே கூப்பிட வேண்டும்.

முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. பிரபா நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "கை வலிக்குதா?" என்றேன். "பேசாம இருங்க, எனக்கு எண்ணிக்கை உட்டுப்போயிரும்" என்றாள்.

மூன்றாவது தடவை, வயிறு தானாக இறுகியது. கால் இரண்டும் விறைத்து நடுங்கின. கைமுடி எல்லாம் சிலிர்த்தது, காது சூடேறியது. கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரபாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏனுங்க..." என்றாள். விந்து பிடித்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிறம் கொஞ்சம் பழுப்பாக இருந்தது. நான் பயந்துவிட்டதாக அவள் சொல்கிறாள். நான் பயப்படவில்லை, சும்மா கேட்டேன். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அப்படி இருப்பது உண்டு, கெடுதல் இல்லை என்றார் டாக்டர்.

அப்புறம்தான் பெரிய விஷயம். ஆய்வகத்தில் ஷீபா என்ற பெண், மைக்ராஸ்கோப் மேசை எனக்கு எட்டாதென்று ஒரு ஒயரை மாட்டி, கீழே ஒரு ஸ்டூலில் திரையை வைத்தார். பார்த்தேன். எண்ண முடியாத கூட்டம். ஆனால் எல்லாம் படுத்துக் கிடந்தது. திருவிழா முடிந்த மைதானத்தில் ஜனம் தூங்குகிற மாதிரி.

அப்போது இடது ஓரத்தில் ஒன்று அசைந்தது. வாலை ஆட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து குறுக்கே போயிற்று.

என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "இதோ பாருங்க, எடது பக்கமா எறங்கறாரு, தனியாளாப் பாடி வர்றாரு, ரெண்டு பேரத் தாண்டீட்டாரு, மூணாவது ஆளையும் ஏமாத்தீட்டாரு, கோட்டுக்கிட்டப் போயிட்டாரு..."

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிரபா சிரிக்கவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்: "எண்ணிக்கை பிரமாதம். ஓட்டம்தான் கம்மி. நூத்துக்கு ஆறுதான் ஓடுது. உங்க மாதிரி அடிபட்டவங்க நெறையப் பேருக்கு இப்படித்தான்."

"உக்காந்தே இருக்கறதுனால சூடாயிருச்சுங்களா?" என்றேன்.

"எல்லாரும் அதத்தான் சொல்வாங்க. சோதிச்சுப் பாத்ததுல அது சரியா நிக்கல. விந்தணு பிறக்கறப்ப நல்லாத்தான் இருக்கு. அது நீந்தற தண்ணிதான் அதுக்குச் சேரல. அதனால வெளிய வந்த உடனே கழுவிப் பிரிச்சிடுவோம்."

பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கார் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நூற்றில் ஆறு. இரண்டு லாரிக்கு எடைச் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். டிரைவர்கள் திரும்பி வந்து திட்டினார்கள். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மெஷின் ஒன்று வீட்டுக்கே வாங்கியாயிற்று. பழக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கதவைச் சாத்தி, பழைய கபடி ஆட்டம் ஒன்றை டிவியில் சத்தமாக வைத்தோம். அப்படியும் அம்மா கதவுக்கு வெளியே வந்து, "ஏஞ்சாமி, மிக்சி ஓடறாப்பல சத்தங் கேக்குது, கரண்டுல ஏதாச்சும் கோளாறா?" என்றாள்.

பிரபா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 24, திங்கள்

முதல் முயற்சி. ஓடுகிறவர்களை மட்டும் கழுவிப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக பிரபாவின் கருப்பைக்குள் விட்டார்கள். ஊசி கூட இல்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். வரும் வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் மயில்சாமியிடம் "மெல்லப் போ" என்றேன். எதற்கு என்று கேட்டான். சொல்லிவிட்டேன்.

அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். பின்னால் திரும்பி பிரபாவைப் பார்த்து, "தங்கச்சி, நீ சாஞ்சு உக்காந்துக்கோ" என்றான். அதற்குப் பிறகு எருமை கூட எங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

கோயில் திருவிழாப் போட்டி. என் குரலுக்கு என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். தோற்கிற அணிக்கும் அப்படிக் கத்தினேனாம். வெற்றிக் கோப்பையைத் தோற்ற அணிக்கு அறிவித்துவிட்டேன். நடுவர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

எடை மேடை. வெயில். மட்டை லோடு அதிகம். டயருக்குக் காற்று அடித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று பேசினோம்.

மாலையில் வெயில் இறங்கியதும் பிரபா என் நாற்காலியை வேப்பமரத்தடிக்குத் தள்ளிப்போய், எதிரில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கோணும். மறைக்காமச் சொல்லுங்க. உங்களுக்குக் கொளந்தை வேணுமுங்களா?"

"உனக்கு வேணும்னுதான..."

"நா எப்பக் கேட்டேன்?"

யோசித்தேன். கேட்டதே இல்லை. தென்னைநார் மில் ஆபீஸிலிருந்து லோடு கணக்குக்காகத் தினமும் எனக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தவள். ஒரு வருடம் குரலை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு நாள் நேரில் வந்து என்னையும் நாற்காலியையும் பார்த்தாள். அடுத்த வாரமும் வந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் வீட்டில் இதைத்தான் கேட்டார்கள், குழந்தைக்கு என்ன செய்வாய் என்று. "இல்லாட்டிப் போகுது" என்றாளாம். அதை இன்றுதான் என்னிடம் சொன்னாள்.

"அப்பறம் ஏன் வந்த? ஆஸ்பத்திரி, மருந்து, அலைச்சல்..."

"நீங்க அந்த நம்பர மூணு எடத்துல எழுதி வெச்சிருந்தீங்க. காலண்டர்ல நா பாத்தேன். இவருக்கு இவ்வளவு ஆசையிருக்குது, வாயில வரமாட்டீங்குதுன்னு நெனச்சேன். இந்தத் தடவ இல்லைன்னு ஆனதுல இருந்து எனக்குப் பயமே உங்களப் பத்தித்தானுங்க. ஒடஞ்சு போயிருவீங்களோன்னு."

நான் அவளுக்காக. அவள் எனக்காக. ஒரே வண்டியில் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போய் வந்திருக்கிறோம், இரண்டு பேரும் அடுத்தவரை ஏற்றிக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பக்கெட் சாய்ந்து விழப் பார்த்தாள்.

"அப்ப நிறுத்திரலாமா?" என்றேன்.

"எதுக்கு நிறுத்தோணும்?" என்றாள். "அன்னிக்கு அந்தத் திரையப் பாத்துட்டு நீங்க வர்ணன பண்ணுனீங்கல்ல. அப்பத்தான் எனக்கே ஆச வந்துச்சு. இந்த மனுசனோட கொளந்தை ஒண்ணு வேணும்னு. இப்ப நெசமாலுமே வேணுமுங்க. உங்களுக்கு?"

"வேணும்" என்றேன். "நெம்ப வேணும்."

இந்த நாட்குறிப்பில் முன்னால் எழுதியதை எல்லாம் அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம் வைத்துவிட்டு, பிரபாவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்த மிக்சிச் சத்தம்..."

"ஆமாங்கத்தை."

"ஐயோ, நா எலட்ரீசியன வரச் சொல்லிப்போட்டனே" என்றாள்.

மே 7, புதன்

இந்த முறை பெரிய ஏற்பாடு. ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவை ஊசியால் நேரே செலுத்துவார்கள். ஓடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேண்டாம், உயிருள்ள சிலர் போதும். பிரபாவுக்குத் தினமும் வயிற்றில் ஊசி. நான்தான் போடுகிறேன். எத்தனை வருடம் எனக்கு அவள் செய்தாள். "நீங்க போடறது வலிக்கவே இல்லீங்க" என்றாள். பொய்.

மே 19, திங்கள்

இன்று எங்கள் ஆட்டம் கைவிட்டுப் போகப் பார்த்தது.

பிரபாவை முட்டை எடுக்க மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். அதே நேரம் நான் என் பங்கைக் கொடுக்க வேண்டும். எப்போதும் மெஷின் பிடிக்கிறவள் அவள். இன்று நான்தான். கைகள் எனக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அறையில் அவள் இல்லாதது என்னவோ போலிருந்தது.

முதல் தடவை இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதும் இல்லை. வயிறு இறுகவே இல்லை.

டாக்டர் வந்து உள்ளங்காலில் கோடு இழுத்தார். கால் சோம்பலாக ஒரு அங்குலம் நகர்ந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

நேற்று ஒன்று போட்டிருந்தேன். போடக் கூடாது என்று தெரியும். என் கால் உதைத்து உதைத்து பிரபா தூங்காமல் கிடந்தாள், காலையில் அவளுக்கு ஆபரேஷன். ஒரே ஒரு மாத்திரை என்று நினைத்தேன். சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "போன தடவ எடுத்து உறைய வச்சிருந்த விந்தணுவுல உயிரோட முழிச்சது நம்பற மாதிரி இல்ல. வேணும்னா விதையில ஊசி போட்டு எடுப்போம், அதுக்கும் தயாராத்தான் இருக்கோம். அதுக்கு முன்னாடி இன்னொன்னு பாக்கலாம்" என்று இன்னொரு மெஷினையும் எடுத்துவரச் சொன்னார். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவே. ஆண் நர்ஸ் ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சார், நேத்து மேட்ச் பாத்தீங்களா?" என்றார். பாவம், அவருக்கு அந்த நேரத்தில் வேறென்ன பேசுவதென்று தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரபா படுத்திருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். காது சூடேறியது. வயிறு கல்லாக இறுகியது. கால்கள் கட்டிலை உதைத்தன. அந்த உதைக்காக நான் யாருக்கு வேண்டுமானாலும் கும்பிடு போட்டிருப்பேன்.

"வந்துருச்சு சார்" என்றார் நர்ஸ். டப்பாவை எடுத்துக்கொண்டு ஷீபா ஓடினார். ஆஸ்பத்திரியில் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

மயக்கம் தெளிந்ததும் பிரபா கேட்ட முதல் கேள்வி, "தனியாப் பண்ணீட்டீங்களா?"

"ஒரு ஆள் ஒத்தாசைக்கு வந்தாப்ல" என்றேன்.

மே 20, செவ்வாய்

ஷீபா ஃபோன் செய்தார். ஐந்து கருவாகியிருக்கிறது. ஐந்து. அம்மா, மயில்சாமி, ஆண்டனி எல்லோருக்கும் சொல்லியாயிற்று. எடை மேடைக்கு வந்த ஒரு டிரைவரிடம் கூடச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் அவரும் சந்தோஷப்பட்டார்.

மே 24, சனி

ஒன்றை உள்ளே வைத்தார்கள். இரண்டை உறைய வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் வளரவில்லை. திரையில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. பிரபா என் கையைப் பிடித்திருந்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

ஆமாம்.

ஆமாம், ஆமாம். இரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. பிரபா கர்ப்பம். மயில்சாமி மைக் செட்டைக் கொண்டுவந்து வாசலில் கட்டட்டுமா என்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், மனசில்லாமல்.

ஜூன் 23, திங்கள்

இதயத் துடிப்பைக் கேட்டோம். குதிரை ஓடுகிற வேகம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிரபா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாதக் கணக்கில் எழுதவில்லை. எழுத நேரமில்லாத அளவுக்கு நல்ல நாட்கள். ஒரு முறை மட்டும் இரத்தம் பட்டு ஓடினோம், ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

இன்று ஆபரேஷன். வாசலில் நானும் அம்மாவும் மயில்சாமியும். கதவு திறந்தது. சிஸ்டர் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து, என் தலைக்கு மேலாகப் பார்த்து, நின்றுகொண்டிருந்த மயில்சாமியிடம் நீட்டினார். "பொண்ணுங்க. அப்பா வாங்கிக்கங்க."

மயில்சாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அப்பா இவருங்க" என்றான்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "நீங்களா?"

"நாந்தாங்க."

நாள் முழுக்கச் சக்கரம் தள்ளிய கை. கருப்பாக இருந்தது. கழுவும் தொட்டி எட்டவில்லை. அம்மா பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்ற, முழங்கை வரை தேய்த்துக் கழுவி, மயில்சாமியின் வெள்ளைத் துண்டில் துடைத்துக்கொண்டேன். பிறகு வாங்கினேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கி யாரையோ கோபித்துக்கொள்வது போல ஒரு முகம். வாய் மட்டும் எதையோ தேடியது. மூக்கு பிரபாவுடையது. காது என்னுடையதென்று அம்மா சொல்கிறாள்.

பிரபாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். உதடு காய்ந்திருந்தது. "தூக்கீட்டீங்களா?"

"தூக்கீட்டேன்."

"பயமா இருக்குதுங்களா?"

"ஆமா" என்றேன். "நெம்பப் பயமா இருக்குது."

பால் கொடுக்க வேண்டும், குழந்தையைக் கொடுங்கள் என்றார் சிஸ்டர். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். மறுபடி கேட்டார். பிரபா கண்ணை மூடிக்கொண்டே, "உடுங்க சிஸ்டர், கொஞ்ச நேரம் வெச்சிருக்கட்டும்" என்றாள்.

நான் கொடுக்கவில்லை.